அந்தமான் போகிறவர்கள் அமாவாசை பார்த்துப் புறப்படட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நாளிதழ்களில் அந்தமான் விளம்பரங்கள் வரிசைகட்டுகின்றன. மூன்று இரவு, நான்கு பகல், ஐந்து தீவுகள் என்று அச்சிட்டு, ஓட்டலின் தரத்தையும் ஆள் ஒன்றுக்கு எவ்வளவு என்பதையும் சொல்கிறார்கள். அங்கே கடல் எப்போது வற்றும், சூரியன் எப்போது மறையும் என்ற இரண்டை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தத் தீவுகளில் எல்லாமே இந்த இரண்டையும் வைத்துத்தான் நடக்கிறது. தெரியாமல் போகும் குடும்பங்கள், பணம் கட்டிய காட்சிகளில் பாதியைப் பார்க்காமலே திரும்புகின்றன. அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சூரியன். நம் நாட்டு நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கிட்டத்தட்ட 93 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் அங்கே சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். காட்சி நேரங்கள், படகு நேரங்கள், கடலில் இறங்க அனுமதிக்கும் நேரங்கள் எல்லாம் இந்த வெளிச்சத்தை ஒட்டியவை. ஊரில் எட்டு மணிக்குச் சிற்றுண்டி, பத்து மணிக்குப் புறப்பாடு என்ற பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் நாளின் சிறந்த பாதி ஓட்டல் அறையிலேயே கழிந்துவிடும்.

மிகப் பரவலாக நடக்கும் தவறு இது. பயணத்திட்டத்தில் "மதியப் படகில் ஹேவ்லாக், மாலை ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்" என்று எழுதியிருப்பார்கள். போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் சுமார் 57 கிலோமீட்டர். தனியார் விரைவுப் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம் அல்லது அதற்கு மேல். இறங்கி, பெட்டிகளைத் தேடி எடுத்து, வண்டி பிடித்து, தீவின் மறுகோடியில் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராதாநகருக்குப் போய்ச் சேரும்போது குளிர்காலத்தில் இருட்டியிருக்கும். காலை முதல் படகில்தான் போக வேண்டும். முடியாவிட்டால் ராதாநகரை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடித் தகுதி பெற்ற கடற்கரை. ஓடிப்போய் ஒரு படம் எடுத்துத் திரும்பும் இடமல்ல. இருட்டிய பிறகு அங்கே நீரில் இறங்கவே கூடாது.

பெயர் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவாகவும் பெயர் மாற்றப்பட்டன. பயணச்சீட்டில் புதுப் பெயர் இருக்கும், ஓட்டுநர் வாயில் பழைய பெயர்தான் வரும். படகுத்துறையிலும் கவனம் தேவை. அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும், தனியார் விரைவுப் படகுகள் பெரும்பாலும் ஹேடோ துறையிலிருந்தும் புறப்படுகின்றன. துறை மாறிப் போய் நின்று படகைத் தவறவிடுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. சீட்டில் அச்சிட்டிருக்கும் துறையின் பெயரை ஆட்டோக்காரரிடம் காட்டிவிட்டு ஏறுங்கள்.

இனி, முக்கியமான விஷயமான கடல். அந்தமானில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஒரு வற்றுக்கும் அடுத்த வற்றுக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதனால் இன்று காலை 10 மணிக்கு வற்றினால் நாளை 10.50 வாக்கில் வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நம் பழைய கணக்கில் சொன்னால் ஏறத்தாழ இரண்டு நாழிகை. எவ்வளவு வற்றும் என்பதை நிலவுதான் தீர்மானிக்கிறது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த ஓரிரு நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் சுமார் 2 மீட்டர் வேறுபடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு அதில் பாதிகூட இருக்காது.

இதைத் தெரிந்துகொள்ள எந்தச் செயலியும் வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் திதி இருக்கிறது. நீல் தீவின் பாறைப் பாலத்தையும் பாறைக் குட்டைகளையும் பார்க்க ஆசைப்பட்டால் அமாவாசை அல்லது பௌர்ணமி வாரத்தில் போங்கள். பவளப்பாறைகளைப் பார்க்கக் கடலுக்குள் இறங்குவதுதான் நோக்கம் என்றால் அஷ்டமி வாரம் நல்லது. நீரோட்டம் தணிந்திருக்கும், வண்டல் கிளம்பாது, நீர் தெளிவாக இருக்கும். அலை தொட்ட இடமெல்லாம் நீலமாக மினுங்கும் கடல் ஒளியைப் பார்க்க அமாவாசை இரவு வேண்டும். நிலவு இருந்தால் அந்த வெளிச்சமே அதை மறைத்துவிடும்.

நீல் தீவை எடுத்துக்கொள்வோம். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையிலிருந்து நடந்துபோனால் இயற்கையாகவே வளைந்து நிற்கும் பாறைப் பாலம் வரும். உள்ளூரில் ஹவுரா பாலம் என்றும் சொல்வார்கள். கடல் ஏறியிருக்கும்போது அங்கே போகவே முடியாது. போனாலும் பாதி பாலம்தான் தெரியும். வற்று நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகப் போய்ச் சேர்ந்து, கடல் மீண்டும் ஏறத் தொடங்கி ஒரு மணி ஆவதற்குள் திரும்பிவிட வேண்டும். உங்கள் கையில் இருப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். வழியெல்லாம் செத்த பவளப்பாறை, கத்தி முனைபோல் கூர்மையாக இருக்கும். பாசி படிந்த இடங்களில் வழுக்கும். ரப்பர் செருப்பு அறுந்துவிடும். குதிகாலைக் கட்டிப்பிடிக்கும் வார்ச் செருப்போ பழைய கேன்வாஸ் ஷூவோ போடுங்கள்.

பாலத்தைப் படமெடுத்துவிட்டு உடனே திரும்புகிறவர்கள் நல்ல காட்சியை விட்டுவிடுகிறார்கள். காலடியில் கிடக்கும் முழங்கால் ஆழக் குட்டை ஒன்றின் பக்கத்தில் குந்தி, நிழல் நீரில் விழாதபடி ஐந்து நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் வெறும் மணலும் கல்லும்தான் தெரியும். பிறகு கல் என்று நினைத்தது மெல்ல நகரும்; அது கடல் அட்டை. பாறை இடுக்கிலிருந்து கறுத்த, பாம்புபோன்ற ஐந்து கரங்கள் நீண்டு நீரைத் துழாவும். அது நொறுங்கு நட்சத்திர மீன். சங்கு ஒன்று கால் முளைத்து ஓடும். உள்ளே குடியிருப்பது துறவி நண்டு. எதையும் கையில் எடுக்காதீர்கள். கூம்பு வடிவச் சங்கைத் தொடவே தொடாதீர்கள், அதன் முள்ளில் உயிரைப் பறிக்கும் நஞ்சு உண்டு. கால் வைப்பது மணலிலும் வெறும் பாறையிலும் மட்டும் இருக்கட்டும். நிறம் தெரியும் பவளம் உயிரோடிருக்கிறது. ஓர் ஆள் மிதித்தால் முறிந்துபோவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

அதே தீவின் பரத்பூர் கடற்கரைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். கடல் வற்றும்போது அங்கே வெகுதூரம் கணுக்கால் அளவு நீர்தான். கண்ணாடி அடிப் படகு பாறையில் உரசும், நீந்தவும் முடியாது. ஏற்றம் இருக்கும்போது போனால் அதே இடம் குழந்தைகளுக்கு அருமையான நீச்சல் குளம். ஆக, நீல் தீவில் ஒரு பகல் இருந்தால் வற்றுக்கு லட்சுமண்பூர், ஏற்றத்துக்குப் பரத்பூர். ஓட்டுநர் தன் வசதிக்கு வரிசையை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரவு தங்கினால் சீதாபூரில் சூரிய உதயம் கிடைக்கும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் இருக்கும் கோவிந்த நகர், விஜய நகர் கடற்கரைகளும் வற்றில் பாறையும் சேறுமாகிவிடும். "கடலோர ஓட்டல், ஆனால் குளிக்கக் கடல் இல்லை" என்று சண்டை போடுகிறவர்கள் ஆறு மணி நேரம் பொறுத்தால் போதும், கடல் வாசலுக்கே வரும்.

மாஸ்க் போட்டு மேற்பரப்பில் மிதந்தபடி பவளம் பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்கு ஹேவ்லாக்கின் எலிஃபென்ட் கடற்கரைக்குத்தான் பலரும் போகிறார்கள். படகுத்துறையிலிருந்து படகில் அரை மணிக்குள் போகலாம். காட்டு வழியே நடந்தும் போகலாம், மழை பெய்திருந்தால் சேறு முழங்காலைத் தொடும். நீந்தத் தெரியாதவர்களும் மிதவை வளையத்தோடு இறங்கலாம். சிக்கல் நீச்சலில் வருவதில்லை, மாஸ்க்கில்தான் வருகிறது. வாரைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டி நின்றால் அளவு சரி. விழுந்தால் வேறொன்று கேளுங்கள். ஓரத்துக்குள் ஒரே ஒரு முடி சிக்கினாலும் நீர் கசியும். நம்மவர்களுக்கு மீசை பெரிய பிரச்சினை: மேலுதட்டு மயிரில் சிலிக்கான் ஓரம் ஒட்டாது. மூக்கின் அடியில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு மீசையின் மேல்விளிம்பை மழித்துவிட்டால் கசிவு பெருமளவு நின்றுவிடும். கசிகிறதே என்று வாரை இறுக்காதீர்கள். இறுக்கினால் ஓரம் மடங்கி இன்னும் கசியும். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவி ஒரு முறை அலசினால் ஆவி படியாது. இது அருவருப்பல்ல, உலகம் முழுவதும் முக்குளிப்போர் செய்வது. குழாயில் நீர் புகுந்தால் பதறி நிமிர வேண்டாம், "தூ" என்று ஒரே வேகத்தில் ஊதித் தள்ளுங்கள். முதலில் இடுப்பளவு நீரில் இரண்டு நிமிடம் வாயால் மூச்சு விட்டுப் பழகிய பிறகு ஆழத்துக்குப் போகலாம்.

காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவுக்குச் சான்றிதழ் இல்லாதவர்களையும் பயிற்சியாளரோடு அழைத்துப் போகிறார்கள். வயது குறைந்தது 10. ஆழம் 12 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பலரும் பயப்படுவது மூச்சுக்கு, வலி வருவதோ காதில். நீருக்குள் முதல் சில மீட்டரிலேயே அழுத்தம் வேகமாகக் கூடுகிறது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறப்பதை ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். வலி வந்த பிறகு ஊதினால் காது திறக்காது. பலமாக ஊதினால் செவிப்பறைக்கே கேடு. சற்று மேலே வந்து மீண்டும் முயல வேண்டும். சளி இருந்தால் அன்று மூழ்கவே கூடாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கினால், கீழே மருந்தின் வேகம் தணிந்ததும் காற்று உள்ளே சிக்கி, மேலே வரும்போது வலி உயிரை எடுக்கும். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். காசு திரும்ப வராதே என்று மறைப்பவர்கள் தங்களுக்குத்தான் தீங்கு செய்துகொள்கிறார்கள்.

இன்னொன்றைப் பயணத்திட்டம் போடுகிறவர்களே கவனிப்பதில்லை. ஒரு முறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை மூழ்கினால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரமாகிறது. அதற்கு முன் உயரே போனால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்பையும் தாக்கும். ஆகவே ஸ்கூபாவைப் பயணத்தின் நடுவில் வையுங்கள்; கடைசி இரவைப் போர்ட் பிளேரில் கழியுங்கள். காற்று பலத்தால் படகு ரத்தாவது அங்கே சகஜம். ஹேவ்லாக்கிலிருந்து காலைப் படகு, அன்றே மதிய விமானம் என்று முடிச்சுப் போட்டவர்கள் விமானத்தை விட்டுவிட்டு நிற்பதற்கும் இந்த ஒரு இரவே மருந்து. படகில் குமட்டலுக்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முன்னதாகப் போட வேண்டும். குமட்டிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் வேண்டாம், நெய் வடியும் பொங்கலும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

போர்ட் பிளேரில் கிழமை பார்க்க வேண்டும். ராஸ் தீவுக்குப் புதன் விடுமுறை. வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவுக்குத் திங்கள் விடுமுறை. ஜாலி பாய், 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. பிளாஸ்டிக் கொண்டுபோக முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். மழைக்காலத்தில் அது மூடப்பட்டு ரெட் ஸ்கின் தீவு திறக்கும். கூட்டமில்லாமல் நல்ல பவளம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எலிஃபென்ட் கடற்கரையைவிட ஜாலி பாயையே பரிந்துரைப்பேன். செல்லுலார் சிறைக்கு மாலை ஒலி-ஒளிக் காட்சிக்கு மட்டும் போய்த் திரும்பாதீர்கள். 1896 முதல் 1906 வரை கட்டப்பட்ட ஏழு சிறகுகளில் இன்று மூன்றே நிற்கின்றன. பகலில் ஓர் அறைக்குள் நுழைந்து நின்று பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரே ஒரு சிறு சாளரம்; எதிரே தெரிவது அடுத்த சிறகின் முதுகுச் சுவர் மட்டுமே. கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று செய்த அமைப்பு. கதவின் தாழ்ப்பாள் சுவருக்குள் வெகுதூரம் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது. கம்பிக்கு வெளியே கையை நீட்டினாலும் எட்டாது. குழந்தைகளை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த ஒலிபெருக்கியும் அதைப்போலச் சொல்லாது.

பாரடாங் சுண்ணாம்புக் குகைப் பயணத்தை ஏறத்தாழ எல்லாத் தொகுப்பிலும் சேர்க்கிறார்கள். அதிகாலை மூன்றரைக்கு எழுந்து, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, காவல் துணையோடு வண்டிகள் அணியாகப் போகும். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டை ஊடுருவிப் போகிறது. குகையில் நிற்பது அரை மணி, போக வர ஒரு முழு நாள். மாங்குரோவ் காட்டுக்கு இடையே படகில் போகும் பகுதி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சில நூறு பேர் மட்டுமே இருக்கும் ஓர் இனம் அது. வெளியார் தொடர்பு கூடிய சில ஆண்டுகளிலேயே, 1999-ல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. அவர்களைப் படமெடுப்பதும் அவர்களுக்கு உணவு வீசுவதும் சிறைக்குரிய குற்றங்கள். "வழியில் ஆதிவாசிகளையும் பார்க்கலாம்" என்று எவராவது கிசுகிசுத்தால் அவரிடம் பயணச்சீட்டே வாங்காதீர்கள். நான்கு நாள் பயணத்தில் பாரடாங்கை எடுத்துவிட்டு, அந்த நாளை நீல் தீவில் ஓர் இரவு தங்கச் செலவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

முதலை எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டே நீரில் இறங்குங்கள். 2010-ல் ஹேவ்லாக்கில் உவர்நீர் முதலை தாக்கி ஒரு சுற்றுலாப் பயணி உயிரிழந்தார். ஓடை கடலில் கலக்கும் இடத்தையும், வலை கட்டிய எல்லைக்கு வெளியேயும் தவிர்த்துவிடுங்கள். மாலையில் ஈர மணலில் மணல் ஈ கடிக்கும். வலி தெரியாது, இரவில்தான் தடித்து அரிக்கும், ஒரு வாரம் போகாது. காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் அவ்வளவாக அண்டாது. கரையில் கிடக்கும் பவளத் துண்டு, சங்கு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். பவளமும் கடல் அட்டையும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. விமான நிலையச் சோதனையில் பிடிபட்டால், செத்த துண்டுதானே என்ற வாதம் செல்லாது.

மொழிக்குக் கவலை வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் சுமார் 15 விழுக்காட்டினர் தமிழ் பேசுகிறவர்கள். மீன் கடையில், ஆட்டோவில், உணவகத்தில் "அண்ணே, இன்னிக்கு எப்போ தண்ணி வத்தும்?" என்று கேட்டால் நிமிடக் கணக்காகச் சொல்ல யாராவது இருப்பார்கள். நேரமிருப்பவர்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலிலும் போகலாம், கிட்டத்தட்ட மூன்று பகல். ஆனால் தேதி முன்பின் ஆகும் என்பதால், திரும்பும் வழிக்காவது விமானம் வைத்துக்கொள்வது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சர்வே ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் வெளியிடும் ஓத (கடல் ஏறும், வற்றும் நேர) அட்டவணையில் போர்ட் பிளேருக்கான நேரங்கள் முழு ஆண்டுக்கும் இருக்கின்றன. ஏப்ரல், மே, டிசம்பர் விடுமுறைகளில் தங்கள் சுற்றுலாப் பக்கத்தின் ஓரத்தில் நாளுக்கு ஒரு வரி வெளியிட இடம் ஒதுக்குங்கள்: தேதி, திதி, பகலில் கடல் வற்றும் நேரம், சூரியன் மறையும் நேரம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஸ்ரீ விஜயபுரம், அந்தமான்.